ஒரு வங்கியாளர் விட்டுச்சென்ற திங்கட்கிழமைகள்

நம் மாவட்டங்களில் பெரிய கோயில் தேரோட்டமோ நாகூர்க் கந்தூரியோ வரும்போது மாவட்ட ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அறிவிப்பதுண்டு. செய்தித்தாளில் அச்செய்தியின் முதல் வரியைப் படித்து மகிழ்ந்துவிட்டுக் கடைசிப் பத்தியை நாம் விட்டுவிடுகிறோம். அங்கே, இந்த விடுமுறை 1881-ஆம் ஆண்டுச் செலாவணி முறிச் சட்டத்தின்கீழ் வராது என்றும், ஆகவே கருவூலங்கள் குறைந்த பணியாளர்களுடன் இயங்கும் என்றும் ஒரு குறிப்பு இருக்கும். தேருக்கும் செலாவணி முறிக்கும் என்ன உறவு? கடன் தாள்களைப் பற்றிய ஒரு சட்டம் நம் விடுமுறை நாட்களுக்கு ஏன் காவல் நிற்கிறது?

இந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்து சென்றபோது நாம் வந்து சேர்ந்த இடம் 19-ஆம் நூற்றாண்டு லண்டன். அங்கே நமக்கு அறிமுகமானவர் ஜான் லப்பக் என்னும் வங்கியாளர். வங்கியாளர்களின் சங்கம் ஒன்றுக்கு முதல் தலைவராக இருந்தவர். சங்கத் தலைவர்களைப் பற்றி இலக்கிய வாசகர்களுக்கு எழுதுவானேன் என்று நண்பர்கள் வியக்கலாம். பதவிக்காலம் முடிந்து விடைபெறும் தலைவர்களின் உரைகளை நாம் நிறையவே கேட்டிருக்கிறோம். செயற்குழுவுக்கு நன்றி, உறுப்பினர்களுக்கு நன்றி, ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி. பொன்னாடையும் நினைவுப்பரிசும் கைமாறும். மறு ஆண்டு அவர் பெயர் சுவரில் தொங்கும் பலகையில் ஒரு வரியாகச் சுருங்கிவிடும். லப்பக்குக்கு அப்படி நேரவில்லை. அவருக்கு நன்றி சொன்னவர்களில் பெரும்பாலோர் அவருடைய சங்கத்தில் உறுப்பினர்களே அல்லர். கடைப் பையன்கள், எழுத்தர்கள், ஆலைத் தொழிலாளர்கள், ஆண்டில் ஒரு முறையேனும் கடலைப் பார்க்க விரும்பிய குடும்பங்கள். ஒரு தொழிற்சங்கத் தலைமையை எதைக்கொண்டு அளப்பது என்னும் கேள்விக்கு இதில் ஒரு விடை இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது.

பதினான்கு வயதில் வங்கிக்கு

லப்பக் பிறந்தது 1834 ஏப்ரல் 30 அன்று, லண்டனில். தந்தையின் பெயரும் ஜான் லப்பக்தான். அவர் கணிதரும் வானியலாளருமாகிய ஒரு செல்வந்தர். லண்டன் லம்பார்டு தெருவில் இயங்கிய குடும்ப வங்கியின் பங்குதாரர். கென்ட் பகுதியில் டவுன் என்னும் சிற்றூரை ஒட்டி அவர்களுக்கு ஒரு பெரிய மாளிகை இருந்தது. சிறுவனுக்கு எட்டு வயதிருக்கும்போது ஒருநாள் தந்தை வீட்டுக்கு வந்து, உனக்கு ஒரு பெரிய செய்தி வைத்திருக்கிறேன் என்றாராம். தனக்கு ஒரு மட்டக்குதிரை வரப்போகிறது என்று எண்ணிப் பையன் குதித்திருக்கிறான். வந்தது குதிரையன்று. சார்லஸ் டார்வின் என்றொருவர் நம் ஊருக்குக் குடிவருகிறார் என்பதே செய்தி. அன்று தனக்கு ஏமாற்றமாக இருந்ததை லப்பக் பிற்காலத்தில் நகைத்தபடி நினைவுகூர்ந்திருக்கிறார்.

அந்த அண்டைவீட்டுக்காரர் 1842-இல் வந்து சேர்ந்தார். பையனுக்கு ஓர் உருப்பெருக்கி வாங்கிக் கொடுக்கும்படி தந்தையிடம் பரிந்துரைத்தவர் அவரே. ஆனால் படிப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. வங்கியில் பங்குதாரர்கள் நோயுற்றதால் கைக்கு ஆள் வேண்டியிருந்தது. ஈட்டன் பள்ளியிலிருந்து பதினான்கு வயதிலேயே பையனை எடுத்து வங்கி மேசையில் உட்கார வைத்துவிட்டார் தந்தை. பல்கலைக்கழக வாசலை லப்பக் மாணவராக மிதிக்கவே இல்லை. பிற்காலத்தில் அவர் லண்டன் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார் என்பதும், 1880 முதல் 1900 வரை அதே பல்கலைக்கழகத் தொகுதியின் சார்பில் நாடாளுமன்றத்தில் அமர்ந்தார் என்பதும் வரலாற்றின் குறும்புகளில் ஒன்று.

பகலில் வங்கி, காலையும் இரவும் படிப்பு. நாளைச் சிறுசிறு துண்டுகளாக வகுத்துக்கொண்டு ஒவ்வொரு துண்டிலும் ஒரு துறை என்று அவர் கற்றார். 1858-இல், இருபத்துநான்கு வயதில், அரச கழகத்தின் உறுப்பினரானார். அதே காலத்தில், வெளியூர் வங்கிகளின் காசோலைகளையும் லண்டன் காசோலைத் தீர்வகத்தின் வழியே தீர்த்துக்கொள்ளும் முறை நடைமுறைக்கு வந்ததில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. அதுவரை வெளியூர்க் காசோலை ஒவ்வொன்றும் தனித்தனியே அஞ்சலில் அலைந்துகொண்டிருந்தது. பூச்சிகளின் உடலமைப்பை ஆராய்ந்த அதே கண், தாள்கள் ஊர்விட்டு ஊர் நகரும் வழிகளையும் ஆராய்ந்தது என்று சொல்லலாம்.

ஓய்வை இழந்த ஊர்

லப்பக் 1870-இல் மெய்ட்ஸ்டன் தொகுதியிலிருந்து லிபரல் கட்சி உறுப்பினராக நாடாளுமன்றத்துக்குச் சென்றார். பள்ளிகளில் அறிவியல் கல்வி, தேசக்கடனைக் குறைத்தல், உழைப்போருக்குக் கூடுதல் விடுமுறையும் குறைந்த வேலைநேரமும் ஆகிய மூன்றையும் தம் நோக்கங்களாக அவர் வைத்திருந்தார். மூன்றாவது நோக்கம் ஒரு வங்கி முதலாளியிடமிருந்து வந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

அன்றைய இங்கிலாந்தின் நிலை அதற்குக் காரணம். பழைய காலத்தில் புனிதர்களின் நாட்கள், அரச குடும்பத்து நாட்கள் என்று இங்கிலாந்து வங்கியே ஆண்டுக்கு முப்பதுக்கும் மேற்பட்ட நாட்கள் கதவடைத்து வந்தது. தொழிற்புரட்சியின் வேகத்தில் இவை ஒவ்வொன்றாகக் கழிந்தன. 1834-இல் எஞ்சியவை நான்கே நாட்கள்: பெரிய வெள்ளி, மே முதல் நாள், நவம்பர் முதல் நாள், கிறிஸ்துமஸ். சாதாரண எழுத்தனுக்கோ கடை ஊழியனுக்கோ ஞாயிறு நீங்கலாக உறுதியான ஓய்வென்பது பெரிய வெள்ளியும் கிறிஸ்துமசும் மட்டுமே. இரண்டுமே வழிபாட்டுக்குரிய நாட்கள், களிப்புக்குரியவை அல்ல.

இதைச் சட்டத்தால் மாற்ற முயன்றால் குறுக்கே நிற்பது எது? மேலோட்டமாகப் பார்த்தால் முதலாளிகளின் பேராசை என்று தோன்றும். ஆனால் லப்பக் வங்கியாளர். மெய்யான தடை எங்கே இருந்தது என்பது அவருக்குத் தெரியும். அது மாற்றுச் சீட்டுகளின் கெடுநாளில் இருந்தது.

ஒரு சொல்லின் வலிமை

மாற்றுச் சீட்டு என்பது, நம் நகரத்தார் உண்டியல் என்று அழைத்தார்களே, அதன் ஐரோப்பிய உறவுக்காரன். இன்ன நாளில் இன்ன தொகையை இன்னாருக்குக் கொடுத்துவிடு என்று எழுதிய ஒரு தாள். வணிகர் பலரின் கை மாறி, கெடுநாளில் வந்து நிற்கும். அன்று பணம் கொடுக்கப்படாவிட்டால் வணிகரின் பெயர் கெடும். பெயர் கெட்டால் கடை மூடும். அத்தகைய கெடுநாள் விடுமுறையில் விழுந்தால் என்ன செய்வது? இங்கிலாந்தின் பழைய சட்டப்படி, ஞாயிறு, கிறிஸ்துமஸ், பெரிய வெள்ளி ஆகிய நாட்களில் கெடு விழுந்தால் முந்தைய நாளே பணத்தைக் கட்டிவிட வேண்டும்.

இப்போது ஒரு திங்கட்கிழமையைத் தேசிய விடுமுறையாக அறிவிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். திங்களன்று கட்டவேண்டிய வணிகர் அதற்கு முந்தைய நாள் கட்டியாக வேண்டும். முந்தைய நாளோ ஞாயிறு. ஆகவே சனிக்கிழமையே பணம் புரட்டியாக வேண்டும். எழுத்தருக்கு ஒருநாள் ஓய்வு கொடுக்கப்போய் வணிகர்களின் தவணையில் இரண்டு நாள் பறிபோகும். எந்த வணிகர் சங்கம் இதற்கு இசையும்?

லப்பக் கண்ட வழி எளிமையானது. தேசிய விடுமுறை என்று பெயரிடாமல், அதுவரை சட்டத்தில் இல்லாத புதுப்பெயர் ஒன்றைத் தம் மசோதாவுக்குச் சூட்டினார்: வங்கி விடுமுறை. புதிய பெயராகையால் பழைய விதி அதைக் கட்டுப்படுத்தாது. வங்கி விடுமுறையில் கெடு விழும் சீட்டுகள் அடுத்த நாள் கட்டப்படலாம் என்று எழுதினார். வணிகருக்கு இழப்பில்லை, ஒருநாள் ஆதாயமே. எதிர்ப்பு எழுவதற்கான வேர் அறுந்தது.

அத்துடன் நிற்கவில்லை. கிறிஸ்துமஸ் அன்றோ பெரிய வெள்ளியன்றோ எந்தச் செயலைச் செய்யும்படியும் எந்தத் தொகையைக் கட்டும்படியும் ஒருவரைக் கட்டாயப்படுத்த இயலாதோ, அதை வங்கி விடுமுறையிலும் கட்டாயப்படுத்த இயலாது என்று ஒரு பிரிவைச் சேர்த்தார். இதைப் படிக்கும்போது நமக்கு வியப்பு மேலிடுகிறது. சட்டத்தின் தலைப்பில் வங்கி இருந்தது. உள்ளே ஊர் முழுவதும் இருந்தது. வங்கிகள் மூடினால் பணம் நகராது. பணம் நகராவிட்டால் அலுவலகங்களும் கிடங்குகளும் திறந்து பயனில்லை. உரத்த முழக்கம் ஏதுமின்றி, தொழில்நுட்பச் சொற்களின் மறைவில், ஒரு நாட்டின் நாட்காட்டி மாற்றி எழுதப்பட்டது.

1871 மே 25 அன்று மசோதா சட்டமாயிற்று. இங்கிலாந்து, வேல்ஸ், அயர்லாந்து ஆகிய பகுதிகளுக்கு ஈஸ்டர் திங்கள், விட்சன் திங்கள், ஆகஸ்டு முதல் திங்கள், டிசம்பர் 26 என்று நான்கு நாட்கள். ஸ்காட்லாந்துக்குப் புத்தாண்டு முதலிய ஐந்து நாட்கள். சட்டம் வந்த நான்காம் நாளே, மே 29 அன்று, விட்சன் திங்கள் வந்துவிட்டது. ஆகஸ்டு 7 அன்று வந்த திங்கட்கிழமைக்கோ முன்பு எந்தச் சமய மரபும் கிடையாது. எந்தப் புனிதருக்கும் உரியதல்லாத அந்த நாளுக்கு மக்களே ஒரு புனிதரைத் தேர்ந்துகொண்டார்கள். "புனித லப்பக் நாள்" என்று வேடிக்கையும் அன்புமாக அது அழைக்கப்பட்டது. வங்கியாளர் ஒருவரைப் புனிதராக்கிய மக்களை உலக வரலாற்றில் வேறெங்கும் நாம் கண்டதில்லை!

சங்கத்தின் முதல் தலைவர்

1878 அக்டோபரில் கிளாஸ்கோ நகர வங்கி வீழ்ந்தது. கணக்கேடுகளில் பொய் எழுதி நட்டத்தை மறைத்திருந்தார்கள். பங்குதாரர்களின் பொறுப்புக்கு வரம்பில்லாத காலமாதலால், சேமிப்பை நம்பி வாழ்ந்த முதியோரும் கைம்பெண்களும் தம்மிடமிருந்த அனைத்தையும் இழந்து வங்கியின் கடனை அடைக்க வேண்டியதாயிற்று. இயக்குநர்கள் 1879 தொடக்கத்தில் சிறை சென்றார்கள். வங்கித் தொழில் மீது நாட்டுக்கிருந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது.

அந்த 1879-ஆம் ஆண்டில்தான் லண்டனில் வங்கியாளர் கழகம் தோன்றியது. ஸ்காட்லாந்தில் 1875-லேயே இத்தகைய கழகம் ஒன்று அமைந்திருந்தது. லண்டன் கழகத்துக்கு முதல் தலைவராக லப்பக் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் அதற்குமுன் லண்டன் வங்கியாளர்களின் அமைப்புக்கு நெடுங்காலம் கௌரவச் செயலராகப் பணியாற்றியவர். ஆகவே அது இயல்பான தேர்வே.

முதலாளிகள் கூடித் தம் நலன் பேசும் சபையாக மட்டும் இக்கழகம் இருக்கவில்லை. விரிவுரைகள், நூலகம், ஆய்விதழ், இளம் எழுத்தர்களுக்கான தேர்வுகள் என்று அது வளர்ந்தது. வங்கி வேலை என்பது சிபாரிசால் கிடைக்கும் நாற்காலி என்னும் நிலை மாறி, கற்றுத் தேர்ச்சி பெறவேண்டிய ஒரு தொழில் என்னும் எண்ணம் நிலைபெறத் தொடங்கியது. பதினான்கு வயதில் படிப்பு முறிந்த ஒருவர் தலைமையில் இது நிகழ்ந்தது என்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. இந்தியாவில் 1928-இல் பம்பாயில் தொடங்கப்பட்ட இந்திய வங்கியாளர் கழகமும் இதே மரபில் வந்ததுதான். சி.ஏ.ஐ.ஐ.பி. தேர்வுக்காகப் பகலெல்லாம் வங்கி முகப்பில் நின்றுவிட்டு இரவில் பாடநூலைப் புரட்டிய நம் தமிழ்நாட்டு வங்கி ஊழியர்களுக்கு லப்பக்கின் இளமை அந்நியமாகத் தோன்றாது.

அத்தலைமைக் காலத்தின் பெரும்பேறு 1882-ஆம் ஆண்டு மாற்றுமுறிச் சட்டம். மாற்றுச் சீட்டு, காசோலை, கடனுறுதிச் சீட்டு ஆகியவற்றைப் பற்றிய ஆங்கிலச் சட்டம் அதுவரை ஏறத்தாழ 2,500 வழக்குத் தீர்ப்புகளில் சிதறிக் கிடந்தது. மெக்கன்சி சால்மர்ஸ் என்னும் வழக்கறிஞர் அவற்றையெல்லாம் படித்து 1878-இல் ஒரு தொகைநூல் வெளியிட்டார். சால்மர்ஸ் இளமையில் சில ஆண்டுகள் இந்திய ஆட்சிப்பணியில் இருந்தவர். இந்தியாவில் சட்டங்களைத் தொகுத்துப் பிரிவு பிரிவாக எழுதும் முறையே அவருக்கு முன்மாதிரி. வங்கியாளர் கழகமும் வணிகக் கழகங்களின் கூட்டமைப்பும் அவரையே மசோதாவை வரையச் சொல்லின. கழகத் தலைவராகிய லப்பக் அதை நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தார். புதிதாக எதையும் திணிக்காமல், இருக்கும் சட்டத்தைத் தெளிவாக எழுதுவது என்னும் அடக்கமே அதன் வெற்றிக்குக் காரணமாயிற்று. 1882 ஆகஸ்டு 18 அன்று நிறைவேறிய அச்சட்டம் நூறு பிரிவுகள் கொண்டது. இலங்கையின் 1927-ஆம் ஆண்டு மாற்றுமுறிக் கட்டளைச் சட்டம் உட்படப் பல நாடுகளின் சட்டங்களுக்கு அது தாயாயிற்று.

இங்கேதான் நம் ஆட்சியரின் அறிவிப்புக்கு விடை கிடைக்கிறது. இந்தியச் செலாவணி முறிச் சட்டம் அதற்கு முந்தைய ஆண்டே, 1881 டிசம்பரில், நிறைவேறிவிட்டது. அதன் 25-ஆம் பிரிவு கெடுநாள் பொது விடுமுறையில் விழுந்தால் என்ன செய்வது என்று சொல்கிறது. சொல்லும்போது பொது விடுமுறை என்றால் என்ன என்று விளக்கவேண்டி வந்தது. ஞாயிறும், அரசு அறிவிக்கும் பிற நாட்களும் என்று அது விளக்கியது. கடன் தாளுக்காக எழுதப்பட்ட அந்த விளக்கமே நம் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் கிறிஸ்துமசுக்கும் பொது விடுமுறை என்னும் சட்டத் தகுதியை இன்றளவும் அளித்து வருகிறது. ஆனால் ஒரு வேறுபாடு. இந்தியச் சட்டப்படி கெடு முந்தைய வேலைநாளுக்குப் போகிறது; லப்பக்கின் சட்டப்படி அது அடுத்த நாளுக்குப் போயிற்று. பழைய ஆங்கில மரபை இந்தியச் சட்டம் எடுத்துக்கொண்டது. லப்பக்கின் கருணையை எடுத்துக்கொள்ளவில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அதே இந்தியச் சட்டம் தன் முதல் பிரிவிலேயே, கீழைநாட்டு மொழிகளில் எழுதப்படும் முறிகளைப் பற்றிய உள்ளூர் வழக்குகளைத் தான் பாதிக்காது என்று ஒதுங்கிக்கொண்டது. தமிழில் எழுதப்பட்ட உண்டியல் தன் பழைய வழக்கங்களோடு வாழ அந்த ஒதுக்கம் இடம் கொடுத்தது. சட்டம் எழுதுவோர் சில வேளைகளில் எதைத் தொடாமல் விட்டார்கள் என்பதற்காகவும் நாம் நன்றி சொல்லலாம்.

எறும்புகளும் நூறு நூல்களும்

மாற்றுமுறிச் சட்டம் நிறைவேறிய 1882-ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொண்டு பார்ப்போம். அந்த ஏப்ரலில் டார்வின் மறைந்தார். அவரை வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்யவேண்டும் என்று நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கையொப்பம் திரட்டியவரும், அடக்கத்தின்போது பேழையின் உடன் நடந்தவர்களுள் ஒருவரும் லப்பக்கே. தொல்சின்னங்களைக் காக்கும் முதல் பிரிட்டிஷ் சட்டம், அவருடைய பல ஆண்டு முயற்சிக்குப்பின், அந்த ஆண்டுதான் வந்தது. 68 சின்னங்கள் அதன் முதல் பட்டியலில் இடம்பெற்றன. ஏவ்பரியில் உள்ள பழங்கால கல்வட்டத்தின் நிலத்தில் வீடுகள் எழவிருந்தபோது, 1871-இல் அந்த மனைகளைத் தம் சொந்தப் பணத்தில் விலைக்கு வாங்கிக் காத்தவர் அவர். 1900-இல் பிரபு பட்டம் பெற்றபோது அந்த ஊரின் பெயரையே தமக்குச் சூட்டிக்கொண்டார்.

எறும்புகள், தேனீக்கள், குளவிகள் பற்றிய அவருடைய நூலும் அதே 1882-இல் வெளிவந்தது. எறும்புகளின் முதுகில் வண்ணப்புள்ளியிட்டு ஒவ்வொன்றையும் தனித்தனியே அடையாளம் கண்டார். சில எறும்புகளை மதுவில் மயங்கச்செய்து, மற்றவை என்ன செய்கின்றன என்று பார்த்தார். தம் கூட்டைச் சேர்ந்தவற்றைத் தூக்கிச்சென்று கூட்டுக்குள் சேர்த்தனவாம். அந்நியக் கூட்டத்தவற்றை இழுத்துப்போய்த் தண்ணீரில் தள்ளினவாம். இராணி எறும்பு ஒன்றைப் பதினான்கு ஆண்டுகளுக்கும் மேலாக அவர் உயிரோடு பேணினார். சங்கங்களின் இயல்பை அவர் எங்கே கற்றார் என்று நமக்கு ஐயம் எழுகிறது. தன் கூட்டத்தானைத் தூக்குவதும் அயலானைத் தள்ளுவதும் எறும்புகளுக்கு மட்டும் உரிய குணமன்றே!

இலக்கிய வாசகர்கள் அவரை வேறொரு வகையில் அறிந்திருக்கக்கூடும். 1886-இல் லண்டன் தொழிலாளர் கல்லூரியில் ஆற்றிய உரையொன்றில், படிக்கத்தக்க நூறு நூல்களின் பட்டியலை அவர் முன்வைத்தார். நாளேடுகளில் பெரும் விவாதம் கிளம்பியது. ஜான் ரஸ்கின் அப்பட்டியலில் பலவற்றை எழுதுகோலால் அடித்தே அனுப்பினார். இன்று நாம் ஆண்டுதோறும் கண்டு சண்டையிடும் நூறு நூல் பட்டியல்களுக்கெல்லாம் முன்னோடி அது. மகாபாரதமும் இராமாயணமும், சுருக்கமாகவேனும், அதில் இருந்தன. காளிதாசரின் சாகுந்தலமும் இருந்தது. அந்தப் பட்டியலை அவர் பேராசிரியர்களுக்குச் சொல்லவில்லை. வேலை முடிந்து மாலையில் படிக்க வந்த தொழிலாளர்களுக்குச் சொன்னார். அவர்களுக்குப் படிக்க நேரம் தேடிக்கொடுத்தவரே என்ன படிக்கலாம் என்றும் சொன்னார். விடுமுறைச் சட்டத்தையும் நூற்பட்டியலையும் ஒரே முயற்சியின் இரு கைகளாக நாம் காண்கிறோம்.

நன்றியும் கணக்கும்

நன்றி என்பது கண்ணை மூடிக்கொள்வதன்று. லப்பக்கிடம் நாம் ஏற்கவியலாதவை உண்டு. 1865-இல் வெளிவந்த அவருடைய வரலாற்றுக்கு முந்தைய காலம் பற்றிய நூலில்தான் பழைய கற்காலம், புதிய கற்காலம் என்னும் பிரிவுகளுக்கான ஆங்கிலச் சொற்கள் முதலில் வந்தன. 1863 மே 30 அன்று சென்னையை அடுத்த பல்லாவரத்தில் இராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கைக்கோடரியை இன்று எந்தக் காலத்தது என்று நாம் சொல்கிறோமோ, அச்சொல் இந்த வங்கியாளர் தந்தது. ஆனால் அதே நூல், தம் காலத்தில் வாழ்ந்த தொல்குடி மக்களைக் காட்டுமிராண்டிகள் என்று தலைப்பிலேயே குறித்து, அவர்களை மனித வளர்ச்சியின் கீழ்ப்படியில் நிறுத்தியது. ஐரோப்பாவை ஏணியின் உச்சியில் வைத்துப் பார்த்த அக்காலத்துப் பார்வைக்கு அவர் விலக்கல்லர். ஆளப்பட்ட நிலத்தில் பிறந்த நாம் இதை மறந்துவிட்டு அவருக்கு மாலை சூட்ட இயலாது.

அவர் தந்த விடுமுறைக்கும் எல்லை இருந்தது. அன்று ஊதியம் கொடுக்கவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. நாட்கூலிக்காரருக்கு ஓய்வும் பசியும் ஒருசேர வந்தன. கடை ஊழியர்களின் நிலை மேலும் கொடியது. பதினெட்டு வயதுக்குட்பட்டோரைக் கடைகளில் வாரத்துக்கு 74 மணிநேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது என்னும் சட்டத்தை அவர் 1886-இல் கொண்டுவந்தார். வரம்பே 74 மணிநேரம் என்றால், வரம்புக்கு முன் நிலை எப்படி இருந்திருக்கும்! கடைகளை முன்னதாக மூட வழிசெய்யும் சட்டத்துக்காக அவர் மேலும் பல ஆண்டுகள் வாதாடினார். அது கைகூட 1904 ஆயிற்று.

இத்தனைக்கும் பிறகு நம் நன்றி எங்கே நிற்கிறது? அவருடைய புகழ்பெற்ற நூலாகிய வாழ்வின் இன்பங்கள் 1887-இல் வெளிவந்தது. அதன் முதல் அத்தியாயத்துக்கு மகிழ்ச்சியாக இருக்கும் கடமை என்றும், இரண்டாவதற்குக் கடமையில் உள்ள மகிழ்ச்சி என்றும் பொருள்படத் தலைப்பிட்டிருக்கிறார். வசதி படைத்தோரின் உபதேசம் என்று இதை ஒதுக்கிவிடலாம். ஆனால் உபதேசிப்பதற்குப் பதினாறு ஆண்டுகள் முன்பே அந்த மகிழ்ச்சிக்கு நான்கு நாட்களைச் சட்டமாக எழுதிக் கொடுத்தவர் சொல்லும்போது அச்சொல்லுக்கு ஈடு இருக்கிறது. வைப்பில் பணமின்றி எழுதிய காசோலையன்று அது.

லப்பக் 1913 மே 28 அன்று மறைந்தார். அடுத்த ஆண்டே அவருடைய குடும்ப வங்கி வேறொரு வங்கியோடு இணைந்து தன் பெயரை இழந்தது. அவர் தலைமை தாங்கிய கழகமும் பின்னாளில் பெயர்களை மாற்றிக்கொண்டது. 1871-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்குச் சரியாக நூறாண்டு கழித்து, 1971-இல், வேறொரு சட்டம் வந்தது. ஆகஸ்டு விடுமுறை மாத முதலிலிருந்து இறுதிக்கு நகர்ந்தது. ஆனால் வங்கி விடுமுறை என்னும் சொல் மட்டும் நகரவில்லை. வங்கிக் கணக்கே இல்லாதவரும் அங்கே அச்சொல்லைக் கூறித்தான் ஓய்வெடுக்கிறார்.

ஒரு சங்கத்தின் தலைவர் தம் பதவிக்காலத்தைத் திரும்பிப் பார்த்து நன்றி சொல்லும்போது, தமக்குக் கிடைத்தவற்றைப் பட்டியலிடுவது வழக்கம். சங்கத்துக்கு வெளியே நிற்போர் கையில் என்ன கிடைத்தது என்று கேட்போர் குறைவு. லப்பக் தம் தொழிலின் மிக வறண்ட மூலையாகிய கெடுநாள் கணக்குக்குள் நுழைந்து, அங்கிருந்து முன்பின் அறியாதோருக்கு ஒரு நாளை எடுத்துவந்து கொடுத்தார். எறும்புகள் செய்யாததை அவர் செய்தார், அயலாரையும் தூக்கிவிட்டார்.

அடுத்த முறை நம் ஊர்த் தேரோட்ட விடுமுறைச் செய்தியைப் படிக்கும்போது, அந்தக் கடைசிப் பத்தியையும் சேர்த்துப் படிப்போம். செலாவணி முறி என்னும் அந்தக் கரடுமுரடான சொல்லுக்குப் பின்னால், லம்பார்டு தெரு மேசையில் குனிந்து அமர்ந்திருக்கும் ஒரு பதினான்கு வயதுப் பையன் நம் கண்ணுக்குத் தெரியக்கூடும்.